குருபரப்பள்ளியிற் குடியேறலாமா?

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற நம்மவர் சிலர், குருபரப்பள்ளியை அடுத்து நிலம் வாங்கி, வீடு கட்டி, உழுதுண்டு வாழ விரும்புகின்றனர். அப்பகுதியிற் பதினெட்டு ஆண்டுகளாக ஆசிரியத் தொழில் புரிந்துவரும் அடியேன் அவ்வூரின் நலந் தீங்குகளை உரைக்க வேண்டுமெனக் காரியதரிசியவர்கள் பணித்தார்கள். வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருளை மண்ணிற் போட நினைப்பவர்களுக்கு இச்சகம் பேசுதல் பாவமாதலின், உள்ளதை உள்ளவாறே கூறுவேன்.

கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையே, பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ளது அவ்வூர். 2004-ஆம் ஆண்டு தருமபுரியினின்று பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சார்ந்தது. செம்மண்ணும் பாறையும் விரவிய மேட்டு நிலம். தமிழ்நூலார் வகுத்த முல்லையென்றே சொல்லலாம். காற்று நல்லது, சென்னையின் புழுக்கம் அங்கில்லை. தமிழொடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் தெருவில் வழங்கும். என் வகுப்பிலுள்ள பிள்ளைகள் மூன்று மொழியிற் சண்டையிட்டு, ஒரு மொழியிற் பரீட்சை எழுதுகின்றனர்!

இனி நீரைப் பற்றிக் கேளுங்கள். கிருஷ்ணகிரியில் அணை இருப்பதனால் நீருக்குக் குறைவில்லை என்று தரகர் கூறுவர். 1957-ஆம் ஆண்டிற் காமராசர் திறந்துவைத்த அவ்வணையின் கால்வாய்கள் காவேரிப்பட்டணப் பக்கமாகத் தாழ்நிலத்திற் பாய்கின்றனவேயன்றி, மேட்டிலிருக்கும் குருபரப்பள்ளிக்கு ஏறி வாரா. ஆண்டிற்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதுவும் தவறினால் ஆழ்துளைக் கிணறே கதி.

இவ்விஷயத்தில் என் பேதைமையைச் சொல்லாமல் மறைத்தல் தகாது. 2014-ஆம் ஆண்டில் இரண்டேக்கர் வாங்கினேன். உள்ளங்கையிற் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் இடங்காட்டினார். 780 அடி வரை துளைத்தும் வெண்தூளே பறந்தது. மனையாளின் நகையை அடகு வைத்து இரண்டாங் கிணறு தோண்டினேன். 940 அடியில் ஒன்றரை அங்குல நீர் கண்டது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போக, 2017 கோடையில் அதுவும் வற்றிற்று. தக்காளி நாற்றெல்லாம் கருகின. அந்நகையை மீட்க எனக்கு ஆறாண்டு பிடித்தது. மனையாள் இன்றளவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

பின்னர் அயல் நிலத்து முதியவர் ஒருவர் சொற்படி, பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைத் தேக்கினேன். கேழ்வரகு, அவரை, கொள்ளு இவற்றை மானாவாரியாக விதைத்தேன். வீட்டுச் சோற்றுக்குக் குறைவில்லை. செல்வம் சேரவில்லை.

மாந்தோப்பு வைக்கலாமே என்பீர்கள். அம்மாவட்டம் மாம்பழத்திற்குப் பேர்பெற்றது உண்மையே. ஆயினும் பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாங்காயைக் கொள்வோர் பெரும்பாலும் பழக்கூழ் ஆலையாரே. அவர் கை விரித்தால் வாங்குவாரில்லை. 2025-இல் விலை வீழ்ந்து விவசாயிகள் வருந்தியதைப் பத்திரிகைகளிற் கண்டிருப்பீர்கள். ஒட்டுச்செடியும் காய்க்க நான்கைந்து ஆண்டு செல்லும். அறுபது வயதில் நடுவோர் இதனை எண்ணிப் பார்க்க.

குடிநீரும் ஆராயத்தக்கது. அம்மாவட்டத்தில் நிலத்தடி நீரிற் புளோரைடு மிகுந்து பற்களையும் எலும்புகளையும் கெடுத்தமையாலேயே, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நிறைவேற்றப்பட்டது. வாங்கும் நிலத்திற்கு அக்குழாய் வருகிறதா என்று பாருங்கள்; கிணற்று நீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் நிலத்தின் விலை ஏறிற்று. களையெடுக்க ஆள் அருகிற்று. இளைஞர் பேருந்தேறி ஆலைக்குச் செல்கின்றனர். அவர்களைக் குறை கூறேன்; மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. ஆனால், நீங்கள் வாங்கும் புல எண்ணை நாளை தொழிற்பேட்டைக்கென அரசு எடுத்துக்கொள்ளவும் கூடும். 1997-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடந்தருகிறது. தாலுகா அலுவலகத்தில் விசாரியாமல் முன்பணம் கொடாதீர்கள்.

பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், முப்பதாண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுக. 1892-ஆம் ஆண்டு ஆணையின்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலத்தைப் பிறர் வாங்குதல் செல்லாது, அறநெறியுமன்று. அத்தகைய நிலத்தை மலிவென்று சொல்லி விற்க வருவோர் உளர்.

இவ்வளவும் கேட்டபின், நான் ஏன் அங்கேயே இருக்கிறேன் என்று முன்வரிசையில் ஒரு தாயார் வினவுகின்றார். மார்கழி விடியலிற் கேழ்வரகுக் களத்தில் என் பிள்ளைகளொடு நிற்கும்போது, எனக்கு வேறோர் ஊர் வேண்டுவதில்லை அம்மா. ஆனால் எனக்கு மாதச் சம்பளம் உண்டு. ஓய்வூதியத்தையோ பிற வருவாயையோ கைக்கொண்டு, ஓரேக்கர் அளவில் வீடும் குட்டையும் அமைத்து வாழ்வார்க்கு அவ்வூர் ஏற்றது. நிலத்தின் வருவாயையே நம்பி, கடன் வாங்கி வருவார்க்கு ஏற்றதன்று.

ஐப்பசியிற் பசுமை கண்டு மயங்கி விலை பேசவேண்டா. சித்திரையில், கிணறுகள் வற்றும் காலத்தில் வாருங்கள். பள்ளி விடுமுறை, யானே உடன் வந்து ஒவ்வொரு காடாகக் காட்டுகிறேன்.