தெருவோர வணிகமும் அயலார் துணையும்



ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் கவரைப்பேட்டையில் நான் கணக்காசிரியனாய் இருந்தேன். ஒரு நாள் தனிவட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பின் வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, எங்கள் அம்மா காலையில் தொண்ணூறு ரூபாய் வாங்கிக் கொய்யாப்பழம் எடுத்து விற்கிறார், மாலையில் நூறு ரூபாயாகத் திருப்பித் தருகிறார். இதற்கு வட்டி வீதம் என்ன?" என்று கேட்டான். ரயிலடியில் கூடை வைத்திருந்த அந்த அம்மையாரை நான் அறிவேன். அவரிடம் பேரம் பேசியும் இருக்கிறேன். ஆயினும், "அது பாடத்தில் இல்லை, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அன்று கொடுக்கத் தவறிய விடையை இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

தொண்ணூறு ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி பத்து ரூபாய். ஒன்பதே நாளில் வட்டி முதலுக்குச் சமமாகிவிடும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது 4,000 விழுக்காட்டுக்கும் மேல். நம் நாட்டில் மிக வறியவர்க்கென்று 1972-இல் வங்கிகள் வாயிலாக வகுக்கப்பட்ட வேறுபட்ட வட்டித் திட்டத்தில் வீதம் ஆண்டுக்கு 4 விழுக்காடு. அந்த வீதத்தில் வட்டி முதலுக்குச் சமமாக இருபத்தைந்து ஆண்டுகள் ஆகும். ஒருபுறம் ஒன்பது நாள். மறுபுறம் இருபத்தைந்து ஆண்டு. ஏழை வணிகரின் வாழ்வும் தாழ்வும் இந்த இடைவெளியில்தான் அடங்கியிருக்கின்றன.

அந்த அம்மையாரிடம் திறமைக் குறைவு ஏதுமில்லை. எந்தப் பழம் மாலைக்குள் கனிந்துவிடும், எந்த ரயிலில் எத்தனை பேர் இறங்குவர் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இல்லாதது கைமுதல் ஒன்றே. வங்கி ஈடு கேட்கும். அவரிடம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. தண்டல்காரர் ஈடு கேட்பதில்லை. அதற்கு விலையாகவே அவ்வளவு வட்டி கேட்கிறார். ஓராண்டு கழித்து அவர் கூடை வைத்த இடம் வெறுமையாய்க் கிடந்தது. காரணம் என்னவென்று நானும் விசாரிக்கவில்லை.

கவரைப்பேட்டையிலிருந்து ரயிலேறினால் சென்னை. அந்நகரில் இக்கணக்குக்கு முன்னரே ஒரு விடை கண்டிருந்தார்கள் என்பதை நான் பின்னாளில்தான் அறிந்தேன். வெள்ள நிவாரணப் பணிக்காகச் சேரிப் பகுதிகளுக்குச் சென்ற ஜெயா அருணாசலம் என்னும் அம்மையார், அங்குள்ள பெண்கள் பெரிதும் நாடுவது தானத்தை அன்று, நியாயமான கடனையே என்று கண்டார். 1978-இல் 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' என்னும் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். காய்கறி விற்போர், பூக்கட்டுவோர், இட்லி சுட்டு விற்போர் போன்ற பெண்கள் அதில் சேர்ந்தனர்.

அவர்கள் கண்ட வழி எளியது. ஒரே தெருவில் வாழும் பத்து முதல் இருபது பெண்கள் ஒரு குழுவாய்ச் சேர்வார்கள். தங்களுள் ஒருவரைத் தலைவியாகத் தேர்ந்துகொள்வார்கள். ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு. நிலத்தை ஈடாக வைக்க இயலாதவர்கள் அயலாரின் நம்பிக்கையை ஈடாக வைத்தார்கள். தொடக்கத்தில் இவ்வமைப்பு வங்கிக் கடனைப் பெற்றுத் தந்தது. வங்கிகளில் காலதாமதம் மிகுந்தமையால், 1981-இல் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்துக்கொண்டார்கள். பின்னர் தமிழகத்தின் பிற ஊர்களுக்கும் ஆந்திர, கர்நாடக மாநிலங்களுக்கும் இப்பணி பரவிற்று. 1987-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவ்வம்மையார் 2019-இல் காலமானார்.

இவ்வெண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த 1904-ஆம் ஆண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் உழவர்க்கான கடன் சங்கம் தோன்றியது. உழவர்க்கு உதவிய அதே கருத்து, பிற்காலத்தில் நகரத்து நடைபாதைக்கும் வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம்.

இதில் குறையே இல்லை என்று கூறமாட்டேன். அயலாரின் பொறுப்பு சில வேளை அயலாரின் நெருக்குதலாகவும் மாறிவிடும். இலாபமே நோக்கமாய்க் கொண்ட நுண்கடன் நிறுவனங்கள் பெருகிய ஆந்திரத்தில், கடன் வசூலிக்கும் முறை கொடுமையாயிற்று என்ற முறையீடு எழுந்து, 2010-இல் அரசே தலையிட நேர்ந்தது. கடன் கொடுப்பது மட்டும் தொண்டாகாது. கொடுப்பவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே கேள்வி. கடன் பெறும் பெண்களே உறுப்பினராய் இருக்கும் சங்கத்துக்கும், எங்கோ இருக்கும் பங்குதாரருக்காக நடக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வேற்றுமை இதுதான்.

கடன் கிடைத்தாலும் உட்கார இடம் வேண்டுமல்லவா? அதற்கென 2014-இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நால்வரேனும் தெருவோர வியாபாரிகளின் பிரதிநிதிகளாய் இருத்தல் வேண்டும் என்றும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

இதனால் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் மாலைப்பணி முடித்து இரவு ரயிலில் வந்து இறங்கும் பெண்களைப் பாருங்கள். கடைவிளக்கு எரியும் தெருவில் அவர்கள் அஞ்சாமல் நடக்கிறார்கள். இருண்ட தெருவில் நடையை விரைவுபடுத்துகிறார்கள். பழக்கூடைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் தம் வயிற்றுக்காக மட்டும் விழித்திருக்கவில்லை. தெருவையும் காத்துக்கொண்டிருக்கிறார்.

மாணவர்களே, உங்கள் பள்ளி வாயிலில் விற்பவரிடம் பணிவோடு பேசிப் பாருங்கள். கைமுதல் எங்கே கிடைக்கிறது, வட்டி எவ்வளவு என்று அவர் சொல்ல விரும்பினால் கேட்டு, கணக்கிட்டுப் பாருங்கள். அக்கணக்கை உங்கள் ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். அவர் என்னைப்போல் "உட்கார்" என்று சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.