சதுரங்களைக் கோக்கும் கை



உல்லன் போர்வை ஒன்றை யாராவது உங்களிடம் நீட்டி, "நானே பின்னினேன்" என்றால், முதலில் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மரியாதைக் குறைவுதான். ஆனாலும் துண்டு துண்டாகப் பின்னிச் சேர்த்த போர்வையின் உண்மை அங்கேதான் இருக்கிறது. முன்பக்கம் நிறங்களைக் காட்டும். செய்தவரின் பொறுமை எந்த இடத்தில் தீர்ந்துபோனது என்பதைப் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய புடவையை வெட்டித் தைக்கும் ஒட்டுப்போர்வை வேறு. இது இரண்டு ஊசியும் ஒரு நூல்கண்டுமாக உட்கார்ந்து, ஒரு சாண் அகலத்துக்குச் சதுரங்களைப் பின்னி, அவற்றைக் கோத்துப் போர்வையாக்குவது. முழுப் போர்வையையும் ஒரே விரிப்பாகப் பின்னினால் பாதி தாண்டும்போதே மடி கனக்கும், ஊசி வளையும். சதுரமோ கைப்பைக்குள் அடங்கும். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் இரண்டு வரிசை போட்டுவிடலாம். தப்பு நேர்ந்தால் அந்த ஒரு சதுரத்தோடு போயிற்று.

நியூசிலாந்தில் இதற்கு ஒரு குழந்தையின் பெயரே நிலைத்துவிட்டது. 1930-களில், பொருளாதார மந்தத்தால் ஊரெல்லாம் தவித்த காலத்தில், நாலு வயதுச் சிறுமி பெகி ஹியூஸ் சதுரங்கள் பின்னினாள். ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அளவுள்ள அந்தத் துண்டு அங்கே 'பெகி சதுரம்' ஆகிவிட்டது. நாலு வயதுக் கைக்கும் எட்டும் வேலை என்பது இதன் பெருமை. தொல்லையும் அதிலிருந்தே வருகிறது, சொல்கிறேன்.

சிட்னியில் 1992-இல் சோனியா கிட்லி-கிங் தொடங்கிய 'ராப் வித் லவ்' அமைப்பு போர்வைக்கு ஓர் அளவு வகுத்திருக்கிறது. 25 சென்டிமீட்டர் சதுரம் 28. அகலத்தில் 4, நீளத்தில் 7. குளிரில் வாடும் ஒருவரைப் போர்த்த அது போதும். அந்த ஊர் ஏபிசி வானொலி இதற்காக நேயர்களை ஒரே இடத்தில் கூட்டிவைத்துப் பின்ன வைத்திருக்கிறது. வானொலிக்குப் பொருந்திய காரியம்தான். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு பின்னினால் ஊசியிலிருந்து வளையம் நழுவும், வானொலிக்குக் காதை மட்டும் கொடுத்தால் போதும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஊசியில் ஏறும் வளையத்தைக் கண்ணி என்போம். நடுத்தரப் பருமனுள்ள நூலில் 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 50 கண்ணி. எல்லா வரிசையும் 'நிட்' என்னும் நேர்ப் பின்னல் மட்டுமே போட்டுப் போனால், இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு எழும்பும். அந்த வரப்பின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே 50 கண்ணி போட்டவர் 50 வரப்பு எண்ணி நிறுத்தினால் சதுரம் தானாக வந்துவிடும், அளவுகோல் தேடவேண்டாம். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை 'பர்ல்' என்னும் புரட்டுப் பின்னல் என்று மாற்றிப் போட்டால் முகம் வழவழவென்று அழகாக இருக்கும், ஆனால் ஓரம் அப்பளம் பொரிவதுபோல் சுருண்டுகொள்ளும். அந்த அழகுக்கு ஆசைப்படாதீர்கள்.

50 கண்ணி, 100 வரிசை என்றால் ஒரு சதுரத்துக்கு 5,000 கண்ணி. 28 சதுரத்துக்கு 1,40,000. கண்ணிக்கு இரண்டு நொடி என்று வைத்தாலும் 78 மணி நேரம் ஆகிறது. இதைக் கடைப் போர்வையின் விலையோடு ஒப்பிட்டுப் பேசுகிறவரிடம் நான் வாதாடுவதில்லை.

இவ்வளவையும் பின்னியது பலர். கோப்பது பெரும்பாலும் ஒருவர். என் மதிப்பீட்டில் கலைஞர் அவர்தான். ஆளுக்கு ஒரு கை இறுக்கம். அதே நூல், அதே ஊசி, அதே 50 கண்ணி. ஒருவரின் சதுரம் 23 சென்டிமீட்டரில் நிற்கும், இன்னொருவருடையது 27-க்கு ஓடும். குழந்தை பின்னியது சதுரமாகவே இராது. இவற்றையெல்லாம் பக்கம் பக்கமாக முகம் மேலே தெரிய வைத்து, இந்த ஓரத்து வரப்பில் ஒன்று, அந்த ஓரத்து வரப்பில் ஒன்று என்று முனை மழுங்கிய ஊசியால் எடுத்துச் சேர்த்தால் மூட்டு மறைந்துவிடும். அவசரக்காரர்கள் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தைப்பார்கள். உடம்பில் கோடு கோடாக உறுத்தும். அதிலும் இறுக்கித் தைத்தால் கெட்டது. பின்னல் இழுபடும், தையல் இழுபடாது. ஒருநாள் தூக்கத்தில் புரளும்போது படக்கென்று அறும்.

நான் செய்த பிழை ஒன்று. முதல் போர்வையில் அசல் கம்பளி நூலையும் அக்ரிலிக் நூலையும் கலந்துவிட்டேன், நிறம் பொருந்தியதே என்று. வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கித் துவைத்தேன். கம்பளி இழையில் மீன் செதிள்போல் நுண்ணிய செதிள்கள் உண்டு. சூட்டிலும் உரசலிலும் அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, கம்பளிச் சதுரங்கள் சுருங்கித் தடித்துப் போயின. அக்ரிலிக் சதுரங்கள் அசையவில்லை. விரித்தால் மேடும் பள்ளமுமாக உழுத வயல். வீட்டுப் பூனைக்குப் பிடித்திருந்தது.

கோக்கும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. ஜெர்மனியின் ஹோர்ஸ்ட் ஷூல்ஸ், டென்மார்க்கின் விவியன் ஹாக்ஸ்ப்ரோ இருவரும் பரப்பிய முறை அது. இரண்டு பக்க அளவுக்குக் கண்ணி போட்டு, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் நடுவிலுள்ள மூன்று கண்ணிகளை ஒன்றாக்கிக்கொண்டே போனால், எதிர்மூலையில் ஒரே கண்ணியாக முடியும். அடுத்த சதுரத்துக்கான கண்ணியை இதன் ஓரத்திலிருந்தே எடுக்கலாம். சாமர்த்தியமான முறை. ஆனால் போர்வை முழுதும் ஒருவர் மடியிலேயே வளர்ந்தாகவேண்டும். தபாலில் சதுரம் அனுப்பும் தோழிக்கு அதில் இடமில்லை.

சென்னையில் போர்வையா என்று சிரிக்காதீர்கள். 2016 ஜனவரி 31 அன்று, சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' குழுவினர் சென்னையில் விரித்த போர்வை 11,148.5 சதுர மீட்டர். அப்போது அது கின்னஸ் சாதனை. நம் கணக்கில் இரண்டே முக்கால் ஏக்கர்! அது ஒற்றைக் கொக்கி ஊசியால் போட்ட குரோஷே, நிட்டிங் அல்ல. ஆனால் துண்டுகளைச் சேர்க்கும் தத்துவம் அதேதான். ஏக்கர் கணக்கு என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. அதைப் பிரித்துப் போர்வைகளாகத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்களே, அங்கேதான் அது மறுபடி போர்வையானது.

கோப்பவர் வேலை செய்யும்போது பார்த்திருக்கிறீர்களா? 28 சதுரங்களைக் கட்டிலில் பரப்புவார். நாற்காலியில் ஏறி நின்று, கண்ணை இடுக்கிப் பார்ப்பார். இரண்டு சிவப்பு பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டதென்று இறங்கி மாற்றுவார், மறுபடி ஏறுவார். கடைசியில் ஒரு மூலை ஒடுங்கிய சின்னச் சதுரம் ஒன்று கையில் மிஞ்சும், ஏதோ ஒரு பிள்ளை பின்னியது. அதைப் பிரித்துப் பின்னினால் சரியாகிவிடும். அவர் பிரிக்கமாட்டார். கொக்கி ஊசியை எடுத்து, குறைந்த மூலைக்கு மட்டும் மூன்று வரிசை கூடுதலாகக் கரை போட்டு, மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவந்து, போர்வையின் நடுவில் வைப்பார்.