குறும்படம் போட்டுக் காட்டவா?



பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் செம்பரம்பாக்கம் வழியாகத்தான் போகின்றன. அங்கே ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டிக்குள் போட்ட செட்தான் ‘பிக் பாஸ்’ தமிழ் வீடு. 1999இல் நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ என்று தொடங்கிய இந்தப் போட்டி, 2017 ஜூனில் கமல்ஹாசன் தொகுத்து வழங்க விஜய் டிவிக்கு வந்தது.

முன்பின் தெரியாதவர்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிய வாழ்க்கை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, பிக் பாஸ் வீட்டின் கன்ஃபெஷன் ரூமில் தனியாகப் போய் அதே ஆளை வெளியேற்ற நாமினேட் செய்வது எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்.

பொய் சொல்லப் பழக்கும் நிகழ்ச்சி இது என்று சிலர் ஒதுக்குகிறார்கள். ஆனால் நம்மை இழுத்து உட்கார வைப்பது, அது பொய் என்று நமக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான். காஞ்சிபுரம் பக்கத்துப் பாரதக் கூத்தில் சூதாட்டம் நடக்கும்போது, சகுனியின் சூழ்ச்சி விடிய விடிய விழித்திருக்கும் ஊருக்கே தெரியும். ஆடுகிற தருமனுக்குத்தான் தெரியாது. இடையில் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ராஜாவையும் கிண்டலடிப்பான், நம்மிடமும் பேசுவான். வாரக் கடைசியில் கமல் பார்த்தது அந்த வேலைதான்.

அவர் கையிலிருந்த ஆயுதம் குறும்படம். முதல் சீசனில் போட்டியாளர் ஓவியா மீது சக போட்டியாளர் ஜூலி ஒரு புகார் சொன்னார். கமல் துருவித் துருவிக் கேட்டும் அவர் இறங்கி வரவில்லை. பிறகு, பதிவான காட்சி எல்லார் முன்னாலும் ஓடியது. அவர் சொன்னது ஒன்று, திரையில் தெரிந்தது ஒன்று. அதன்பின் “குறும்படம் போட்டுக் காட்டவா?” என்பது வீட்டுச் சண்டைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

2025இல் கரண் ஜோஹர் இந்தியில் நடத்திய ‘தி டிரெய்ட்டர்ஸ்’ போட்டியில் துரோகிகளை ரகசியமாக நியமித்தார்கள். அங்கே பொய்தான் ஆட்டவிதி. நம்மூர் வீட்டில் அப்படி விதி கிடையாது. அதனால்தான் சூழ்ச்சி செய்பவர் கெட்டிக்காரரா, கெட்டவரா என்ற வழக்கு மறுநாள் கேன்டீன் வரை வருகிறது. அந்த வழக்காடல்தான் தமிழ் நிகழ்ச்சியின் உயிர் என்பேன்.

ஒரு குறையும் உண்டு. 24 மணி நேரப் பதிவு எடிட்டர் மேஜையில் சுமார் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்குகிறது. குறும்படமும் வெட்டி ஒட்டியதுதான். எல்லாம் தெரியும் என்று சோபாவில் சாய்ந்திருக்கும் நாமும் அப்போது தருமன் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறோம். 2022 ஜனவரியில் ‘பிக் பாஸ் அல்டிமேட்’ ஓடிடியில் நாள் முழுக்க ஓடத் தொடங்கிய பிறகு, எதை வெட்டினார்கள் என்று ரசிகர்களே ஒப்பிட முடிந்தது.

தாராளமாகப் பாருங்கள், வழக்காடுங்கள். ஒருவரை வில்லன் என்று முடிவுகட்டி ஓட்டுப் போடுமுன், அந்தக் காட்சிக்குப் பத்து நிமிஷம் முன்னால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.