மனச்சிதைவும் வன்முறையும்: பயப்பட வேண்டியது எதற்கு?

‘உட்பிரிட்ஜ் கேஸ்’ என்று சொல்லும்போதே நம்மவர்களின் குரல் தாழ்ந்துவிடும். உட்பிரிட்ஜ் மருத்துவமனை 1993ல் புவாங்கோக்கிற்கு இடம் மாறி, மனநலக் கழகம் ஆனது. பெயர் மாறியும் பயம் போகவில்லை. மனச்சிதைவு என்றாலே அடிப்பார், வெட்டுவார் என்ற பயம்தான்.

சிங்கப்பூரில் 2016ல் தொடங்கிய மனநல ஆய்வின்படி, 43 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சிதைவோ அதைச் சார்ந்த நோயோ வருகிறது. அத்தனை பேரும் கத்தி தூக்கினால் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் யாரும் நடமாட முடியாது!

ஆபத்தே இல்லை என்று மழுப்ப நான் வரவில்லை. மற்றவர்களைவிடக் கூடுதல்தான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது? டாக்டர் சீனா ஃபசல் குழுவினர் 20 ஆய்வுகளில் இடம்பெற்ற 18,000க்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2009ல் வெளியிட்டனர். மதுவோ போதைப்பொருளோ சேர்ந்துகொண்ட இடத்தில்தான் ஆபத்து பல மடங்கு ஏறியிருந்தது. நோயே இல்லாமல் போதைப் பழக்கம் மட்டும் உள்ளவர்களிடமும் ஏறக்குறைய அதே அளவு ஆபத்து இருந்தது. நம் வீட்டு விசேஷங்களில் அவர்களைக் கண்டு யாரும் ஒதுங்குவதில்லை.

அமெரிக்காவில் சுமார் 1,400 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2006ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் கடும் வன்முறையில் இறங்கியவர்கள் 3.6 விழுக்காடு. யாரோ தன்னைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம், சிறு வயதிலிருந்தே முரட்டுத்தனம், தானே அடிபட்ட அனுபவம் ஆகியவை ஆபத்தைக் கூட்டின. யாரோடும் பேசாமல் மூலையில் ஒதுங்கிக் கிடப்பவரிடம் ஆபத்து குறைவு. சொந்தக்காரர்கள் நடுங்குவது பெரும்பாலும் அவரைக் கண்டுதான்.

அந்தப் பயம் என்ன செய்யும்? 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்.

இங்கே சங்கிலி இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறோம், கல்யாணம் செய்துவைத்தால் சரியாகும் என்கிறோம். இளையரின் ஆரம்பகட்ட நோயைக் கவனிக்க மனநலக் கழகம் 2001லேயே தனித் திட்டம் தொடங்கியது. நாமோ வருடக்கணக்கில் காத்திருக்கிறோம்.

தம்பி மருந்தை நிறுத்திவிட்டாரா? குடிக்கவும் தொடங்கிவிட்டாரா? கைகலப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222. “அவனுக்குப் பைத்தியம்” என்று சொன்னால் எதிர்முனைக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை நாளாக மருந்து இல்லை, எவ்வளவு குடிக்கிறார், யார்மீது சந்தேகப்படுகிறார் என்பதைச் சொல்லுங்கள். கை ஓங்கிவிட்டார் என்றால் உடனே 999.