ஊரை அறியும் ஆட்டம்



விளையாட்டு வீண்பொழுது என்பாரும் உளர். தமிழ்க்குடி அவ்வாறு கருதியதில்லை. பல்லாங்குழி பிள்ளைகளுக்கு எண்ணக் கற்பித்தது. வலிய புலியை எளிய ஆடுகள் பல கூடி மடக்கும் வழியை ஆடுபுலி ஆட்டம் கற்பித்தது. நன்மை ஏற்றும், தீமை வீழ்த்தும் என்பதைப் பரமபதம் எனப்படும் பாம்பேணி ஆட்டம் கற்பித்தது. எண்ணும் சூழ்திறனும் அறமும் பயின்ற அத்திண்ணையில், சொந்த மண்ணின் அமைப்பைப் பயிற்றும் ஆட்டம் மட்டும் வேரூன்றவில்லை. அக்குறையை இவ்வூர்த் திண்ணைகளிலேயே தீர்த்துவிட முடியும்.

மேலை நாட்டார் இவ்வழியை முன்னரே கண்டனர். 1645ஆம் ஆண்டில் பியர் துவால் என்னும் பிரெஞ்சு நிலநூலறிஞர், 'உலக ஆட்டம்' என்னும் பொருள்படும் பெயரில் 63 கட்டங்கள் கொண்ட தாள் ஒன்றை வெளியிட்டார். கட்டந்தோறும் ஒரு நாடு. காய் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா, ஐரோப்பா என்று உலகெலாம் சுற்றி, இறுதிக் கட்டமாகிய பிரான்சில் போய் நிற்கும். 1759இல் சான் செபரிசு என்னும் ஆங்கிலர் ஐரோப்பாவின் நிலப்படத்தையே ஆட்டப் பலகையாக்கினார். அதில் வெற்றிக் கட்டம் இலண்டன்! உரோமை நகரில் போய் நிற்பவர், போப்பாண்டவரின் காலை முத்தமிட்ட குற்றத்திற்காக ஐசுலாந்துக்குத் துரத்தப்பட்டு, மூன்று முறை ஆட்டம் இழப்பார்.

கூர்ந்து நோக்குங்கள். பிரெஞ்சுக்காரன் வரைந்தால் உலகம் பிரான்சில் முடிகிறது. ஆங்கிலன் வரைந்தால் பயணம் இலண்டனில் முடிகிறது. அவரவர் விருப்பும் வெறுப்பும் கூடக் கட்டங்களில் ஏறி அமர்ந்துள்ளன. இதில் அவர்களைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை. தம் மக்களுக்குத் தம் நாட்டை நடுவாக வைத்து அவர்கள் காட்டினர். தமிழ்ப் பிள்ளைக்குத் தன் ஊரை நடுவாக வைத்துக் காட்டியவர் யார் என்பதே கேள்வி.

கடைகளில் 'பிசினசு' என்னும் பெயரில் ஒரு பலகை விற்கிறது. சென்னையும் மும்பையும் அதில் உண்டு. ஆயினும் ஊர் என்பது அங்கே ஒரு விலைச்சீட்டே. வாங்கலாம், விற்கலாம், வாடகை தண்டலாம். அவ்வூரில் எந்த ஆறு ஓடுகிறது, அது எங்கே போய்க் கடலில் கலக்கிறது என்று அப்பலகை ஒருநாளும் கேட்பதில்லை.

ஊரின் வரலாற்றை ஊரார் அறியாவிடின் பிறர் சொன்னதே வரலாறாகும். 2025ஆம் ஆண்டு யூலைத் திங்களில் செஞ்சிக் கோட்டை யுனெசுகோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. அது மகிழத்தக்க செய்தியே. ஆனால், 'மராத்தியப் படைத்துறை நிலப்பரப்புகள்' என்னும் தலைப்பில் 12 கோட்டைகளுள் ஒன்றாகவே அது இடம்பெற்றது. ஏனைய 11 கோட்டைகளும் மராட்டிய மாநிலத்தின. 1677 முதல் 1698 வரை மராத்தியர் செஞ்சியை ஆண்டது உண்மை; அதனை மறுப்பாரில்லை. அவர்களுக்கு முன்னே கோனார் குடியினர் கோட்டைக்கு அடியிட்டனர் என்பது மரபுச் செய்தி. பின்னர் நாயக்கரும் பீசப்பூரரும், மராத்தியருக்குப் பின் முகலாயரும் பிரெஞ்சியரும் ஆங்கிலரும் அதனைக் கைக்கொண்டனர். இம்முழு வரலாற்றையும் செஞ்சிப் பிள்ளை சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும்.

இனி, ஆட்டத்திற்கு வருவோர் வருக! பலகைக்குப் பணம் வேண்டா. திண்ணைத் தரையும் சுண்ணக்கட்டியும் ஆறு சோழிகளும் போதும். தொண்டூர் ஏரி முதற் கட்டம். அங்கிருந்து தொண்டியாற்றின் வழியே கட்டங்கள் தென்கிழக்காக இறங்கட்டும். இடையிலுள்ள ஊரும் ஏரியும் ஒவ்வொரு கட்டமாகட்டும். வீடூரில் தொண்டியாறு செஞ்சியாற்றோடு கூடுகிறது. அணையும் அங்கே உள்ளது. அப்பால் வில்லியனூர். அதற்கும் அப்பால், செஞ்சியாற்றின் கிளையான அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945இல் வீலர் அகழ்ந்த அம்மேட்டில் உரோம நாட்டுச் சாடிகளும் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் கிடைத்தன. இறுதிக் கட்டம் வங்கக் கடல். தொண்டூர் ஏரியின் நீர் யவனர் வந்திறங்கிய துறையைச் சென்று தொடுகிறது என்பதைப் பிள்ளை தன் விரலாலேயே அறிந்துகொள்ளும்.

ஆட்டத்திற்கு விதிகளும் உண்டு. காயை நகர்த்துவோர் அவ்வூரின் பெயரையும் திசையையும் சொல்லவேண்டும். தவறினால் காய் பழைய கட்டத்திற்கே திரும்பும். மதகு தூர்ந்த ஏரியில் நின்றவர் தாயம் விழும் வரை காத்திருக்க வேண்டும். மணல் அள்ளிய படுகையில் நின்றவர் மூன்று கட்டம் பின்னே செல்லவேண்டும். தொண்டூர்க் குன்றின் கட்டத்தில் நிற்பவர்க்கு மட்டும் ஒரு பரிசு உண்டு. அக்குன்றின் குகைத்தளத்தில் ஏறத்தாழக் கி.பி. 3ஆம் நூற்றாண்டினதாகிய பழந்தமிழ்க் கல்வெட்டு உள்ளது. மோசி என்பவர் பெயரும் அகழூர் என்னும் ஊர்ப்பெயரும் அதில் உள்ளன. அகலூர் இன்றும் அண்மையில் வாழ்கிறது. அவ்விரு பெயர்களையும் சொல்பவர்க்கு மறுமுறை சோழி உருட்டும் உரிமை கிடைக்கும்.

இவ்வாட்டத்தில் பாட்டியே பேராசான். எழுத்தறியாத அவருக்கு எந்த ஏரி நிரம்பி எந்த ஏரிக்கு நீர் வழியும் என்பது தெரியும். எழுத்தறிந்த பேரன் அதனைக் கட்டத்தில் எழுதுவான். பாட்டியோடு அப்பெயர்கள் மண்ணுக்குள் போய்விட்டால், பின்னர் எந்த நூலகத்திலும் அவற்றைத் தேடிப் பெற இயலாது.

பெயர் தெரியாத ஏரியைத் தூர்ப்பது எளிது, கேட்பார் இரார். பத்து வயதுப் பிள்ளை ஒன்று, "அது எங்கள் ஆட்டத்தின் ஏழாம் கட்டம், அதை எப்படி மூடலாம்?" என்று கேட்குமாயின், அவ்வேரிக்குக் காவல் ஒன்று பிறந்துவிட்டது. இன்றிரவே சுண்ணக்கட்டி எடுங்கள். முதற் கட்டத்தில் தொண்டூர் என்று எழுதுங்கள்!