கேட்பவர் கையில் மதிப்பெண் அட்டை



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்கிறதோ, அந்தத் தமிழாசிரியர் பள்ளி விட்ட பிறகும் நாலைந்து மாணவர்களை உட்காரவைத்து, அவர்கள் எழுதிவந்ததை வாய்விட்டுப் படிக்கச் சொல்வாராம். அவரிடம் படித்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால்தான், ஊர்மக்கள் கூடி எழுதுவதையும் கூடிக் கேட்பதையும் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். எடுத்துக்கொண்ட ஊர் சிகாகோ. கவியரங்கம் கண்ட நாட்டில் இருந்துகொண்டு அவ்வளவு தூரம் போவானேன் என்று முன்வரிசையில் யாரோ நினைப்பது எனக்குக் கேட்கிறது. நம் கவியரங்கத்தில் கேட்பவருக்கு இரண்டு வேலைதான்: கைதட்டுவது, ‘மீண்டும் ஒருமுறை’ என்று குரல் கொடுப்பது. மூன்றாவதாக ஒரு வேலையைச் சிகாகோ கண்டுபிடித்தது. அதற்கு வருகிறேன்.

முதலில், கூடி எழுதும் பட்டறை. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில், சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த ப்ரான்ஸ்வில்லில் ஒரு கலைக்கூடம் அமைக்க ஊரார் முனைந்தார்கள். பொருளாதார மந்த காலத்து அரசு வேலைவாய்ப்புத் திட்டம் கை கொடுத்தது. ஆனாலும் கட்டடத்துக்கான பணத்தை ஊரே திரட்ட வேண்டியிருந்தது. மார்கரெட் பரோஸ் என்ற இளம் ஓவியர் தெருமுனையில் நின்று பத்து சென்ட் காசுகளாக வசூலித்தார். ஒரு மைல் நீளத்துக்குக் காசு சேர்ப்போம் என்பதுதான் அந்த வசூலின் முழக்கம். பழைய மாளிகை ஒன்று கிடைத்தது. 1941 மே மாதம் அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் வந்து விழா நடத்திக் கொடுத்தார். சவுத் சைட் சமூகக் கலை மையம் என்ற அந்தக் கூடம் இன்றும் மிச்சிகன் அவென்யூவில் இருக்கிறது.

அதே ஆண்டில் அங்கே ஒரு கவிதை வகுப்பு தொடங்கியது. நடத்தியவர் இனெஸ் கன்னிங்ஹாம் ஸ்டார்க். ஏரிக்கரைப் பணக்காரப் பகுதியைச் சேர்ந்த வெள்ளைக்காரச் சீமாட்டி. ‘பொயட்ரி’ இதழுக்கு வரும் கவிதைகளைப் படித்துப் பார்க்கிற பொறுப்பில் இருந்தவர். அந்தக் காலத்தில் அவருடைய வட்டத்துப் பெண்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இவர் புத்தகங்களைச் சுமந்துகொண்டு போனார். வகுப்பில் அவர் விரிவுரை செய்யவில்லை. ஒருவர் தம் கவிதையைப் படிப்பார். மற்றவர்கள் வரிவரியாகப் பிரித்துப் போடுவார்கள். புளித்துப்போன உவமையா, தேவையில்லாத அடைமொழியா, முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். அங்கே தம் கணவரோடு வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் க்வெண்டலின் ப்ரூக்ஸ். 1945இல் அவருடைய முதல் தொகுப்பு வந்தது. 1950இல் புலிட்சர் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

பட்டறையால்தான் அவர் கவிஞரானார் என்று நான் சொல்லவரவில்லை. பதின்மூன்று வயதிலேயே அவருடைய கவிதை அச்சேறிவிட்டது. பட்டறை கொடுத்தது வேறு: தன் வரியை அடுத்தவர் காதால் கேட்கும் பழக்கம். அதைத் தனியாக உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாது.

கதையின் அடுத்த கட்டம் எனக்கு இன்னும் பிடித்தது. 1967இல், ஐம்பது வயதை எட்டிய ப்ரூக்ஸ், தாமே ஒரு பட்டறையைத் தொடங்கினார். மாணவர்கள் யார்? ப்ளாக்ஸ்டோன் ரேஞ்சர்ஸ் என்ற தெருக்கும்பலின் பையன்கள். ஆஸ்கர் ப்ரவுன் ஜூனியர் என்ற பாடகர் அவர்களைக் கொண்டு ஓர் இசைநாடகம் போட்டிருந்தார்; அந்த ஒத்திகையைப் பார்க்கப் போன இடத்தில் விளைந்த யோசனை அது. புலிட்சர் வாங்கிய கவிஞர் பழைய வழக்கப்படி சானெட், ஐஞ்சீர் அடி என்று யாப்பிலிருந்து தொடங்கினார். பையன்களுக்கு அது ஏறவில்லை. அவரும் பிடிவாதம் பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். நாளடைவில் கல்லூரி மாணவர்களும் இளம் எழுத்தாளர்களும் வந்து சேர, பட்டறை அவர் வீட்டு முன்னறைக்கே இடம்பெயர்ந்தது. அப்படி வந்தவர்களில் டான் லீ என்ற இளைஞரும் உண்டு. பின்னாளில் ஹாக்கி மதுபுத்தி என்று பெயர் மாற்றிக்கொண்டவர். அதே 1967இல் 400 டாலரும் ஒரு மிமியோகிராஃப் நகலெடுக்கும் எந்திரமும் வைத்துக்கொண்டு ‘தேர்ட் வேர்ல்ட் ப்ரெஸ்’ என்ற பதிப்பகத்தைத் தம் வீட்டு நிலவறையில் தோழிகள் இருவரோடு தொடங்கினார். அது இன்றும் நூல் வெளியிடுகிறது.

இந்தக் குழு ஒரு காரியம் செய்தது. பூங்காவுக்குப் போனார்கள், அப்புறம் மதுக்கடைக்குப் போனார்கள். முன்னறிவிப்பு கிடையாது. குடித்துக்கொண்டு இருந்தவர்களிடம், உங்களுக்குக் கொஞ்சம் கவிதை சொல்லப் போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். ப்ரூக்ஸும் கூட நின்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஆட்கள் திரும்பிப் பார்த்துக் கேட்டதை அவர் பிற்பாடு வியந்து நினைவுகூர்ந்திருக்கிறார். மதுக்கடையில் இருப்பவன் கவிதை கேட்க வந்தவன் அல்ல. கடமைக்குக் கேட்க மாட்டான். அவனைக் கேட்கவைக்கும் பொறுப்பு முழுக்கக் கவிஞரின் தலையில்.

இதே நகரத்தின் வடக்கே, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, வேறொரு மதுக்கடை. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் முடிச்சுப் போடவில்லை, ஊர் ஒன்றுதான். அப்டவுன் பகுதியில் க்ரீன் மில் என்ற ஜாஸ் பார். கொள்ளைக்கும்பல் தலைவன் அல் கபோனுடைய ஆட்களின் புழக்கம் இருந்த இடம் என்று அந்தக் கடைக்குப் பழைய பெயர் உண்டு. மார்க் ஸ்மித் என்ற கட்டுமானத் தொழிலாளி அதற்கு முன்பே ‘கெட் மீ ஹை’ என்ற இன்னொரு பாரில் கவிதை வாசிப்பு நடத்திக்கொண்டு இருந்தார். அவருக்கு ஓர் எரிச்சல்: கவிஞர்கள் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு முணுமுணுக்கிறார்கள், கேட்பவர்களும் கவிஞர்களே, தங்கள் முறைக்காகக் காத்திருக்கிறார்கள். (இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல.) 1986 ஜூலையில் க்ரீன் மில்லில் ஞாயிறு மாலைகளில் அவருடைய நிகழ்ச்சி தொடங்கியது. மூன்று பகுதிகள் கொண்ட நிகழ்ச்சி. கடைசிப் பகுதிக்குக் கவிதைச் சரக்குத் தீர்ந்துவிட்டது. நேரத்தை நிரப்ப விளையாட்டாக ஒரு போட்டி வைத்தார். அதுதான் பொயட்ரி ஸ்லாம்.

விதிகளைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், சங்கதி அங்கேதான் இருக்கிறது. சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். மூன்று நிமிடம். வேடம், இசைக்கருவி, கையில் பொருள் எதுவும் கூடாது. குரலும் உடம்பும் மட்டும். நடுவர்கள் ஐந்து பேர். நிகழ்ச்சியை நடத்துபவர் கூட்டத்துக்குள் நடந்துபோய்ப் பொறுக்கி எடுத்தவர்கள் அவர்கள். பல் மருத்துவர், லாரி ஓட்டுநர், நண்பரோடு சும்மா வந்தவர், யாராகவும் இருக்கலாம். ஒவ்வொருவர் கையிலும் அட்டை. 0 முதல் 10 வரை, ஒரு தசமப் புள்ளியோடு எண். ஒரு பெண் கவிதை சொல்லி முடிக்கிறார் என்று வையுங்கள். அட்டைகள் உயர்கின்றன: 7.8, 8.4, 6.2, 9.1, 8.5. மிகக் கூடிய 9.1ஐயும் மிகக் குறைந்த 6.2ஐயும் தள்ளிவிட வேண்டும். மிச்சம் 24.7. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது மூன்று நிமிடம் இருபத்துநான்கு விநாடி. பத்து விநாடி சலுகை; அதற்கு மேல் ஒவ்வொரு பத்து விநாடிக்கும், அது முழுதாக முடியாவிட்டாலும், அரை மதிப்பெண் வெட்டு. ஆக 23.7. 6.2 போட்டவரைப் பார்த்து அரங்கம் கூச்சலிடுகிறது. அவரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

போட்டியைத் தொடங்குமுன் போட்டியில் இல்லாத ஒருவரை மேடையேற்றி ஒரு கவிதை சொல்லவைப்பார்கள். நடுவர்கள் கையைப் பழக்கிக்கொள்ளத்தான். அவருக்கு அவர்கள் வைத்த பெயரைக் களப்பலி என்றுதான் தமிழில் சொல்ல வேண்டும். கூத்துப் பார்த்த எவருக்கும் அரவான் நினைவு வராமல் போகாது. அப்படிப் பலி கொடுத்தும் முதலில் பேசுபவருக்கு நட்டம்தான். இரவு ஏற ஏற, குடி ஏற ஏற, மதிப்பெண்ணும் ஏறும். எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே ஆடுகிறார்கள்.

நம் மரபில் நூலை மதிப்பிட்டவர்கள் புலவர்கள். தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. க்ரீன் மில்லில் அந்த இடத்தில் லாரி ஓட்டுநரை உட்காரவைத்தார்கள். இலக்கியம் உருப்படுமா? ஹெரால்ட் ப்ளூம் என்ற பெரிய திறனாய்வாளர் 2000ஆம் ஆண்டில் இது கலையின் சாவு என்றே சொன்னார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொண்டார். அந்த எண் கவிதையை அளப்பதற்கு வந்ததல்ல, கேட்பவரைக் கேட்கவைப்பதற்கு வந்தது. அட்டையைப் பிடித்தவர் முடிவு சொல்லியாக வேண்டும். ஆகவே கூர்ந்து கேட்டாக வேண்டும். அட்டை இல்லாதவர் அவரோடு சண்டை போட வேண்டும். ஆகவே அவரும் கேட்டாக வேண்டும். தரம் பிரிக்க உதவாத அந்த ஏற்பாடு, முன்னூறு பேரைக் கவிதைக்குக் காது கொடுக்கவைத்துவிட்டது. இதைத்தான் மூன்றாவது வேலை என்று தொடக்கத்தில் சொன்னேன்.

ஸ்லாம் பரவியது. 1990இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் முதல் தேசியப் போட்டி. அதே ஆண்டு நியூயார்க்கின் நுயோரிகன் பொயட்ஸ் கஃபேயில் பால் பீட்டி என்ற இளைஞர் பட்டம் வென்றார். ப்ரூக்ளின் கல்லூரியில் படைப்பெழுத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றவர் அவர். 2016இல் புக்கர் பரிசு அவருடைய நாவலுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை வென்ற முதல் அமெரிக்கர். பாருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பகை என்று நினைப்பவர்களுக்கு அவர் ஒருவரே போதும்.

கெடுதலும் சேர்ந்தே வந்தது, மறைப்பதற்கில்லை. மூன்று நிமிடத்தில் ஜெயிக்கும் கவிதைக்கு ஒரு வார்ப்பு உருவாகிவிட்டது. முதல் வரியிலேயே அதிர்ச்சி, நடுவில் ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றுவது, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கண்ணீர். யார் படித்தாலும் ஒரே இழுப்பு. அதைவிடக் கவலை தருவது: தன் காயத்தைக் காட்டினால் எண் ஏறும் என்று பதினாறு வயதுப் பிள்ளை கண்டுகொள்கிறது. அப்பாவின் குடியை, தனக்கு நேர்ந்த வன்முறையை, வாரம் ஒரு மேடையில் திறந்து காட்டி 28.3 வாங்குகிறது. அந்த எண்ணை அந்தப் பிள்ளை எதன் மதிப்பு என்று எடுத்துக்கொள்ளும்? ஸ்லாம் ஆதரவாளர்கள் இந்தக் கேள்வியைச் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இதற்கு மருந்து மறுபடியும் பட்டறைதான். சிகாகோவிலேயே 2001இல் ‘லவுடர் தேன் எ பாம்’ என்ற பதின்வயதினர் விழா தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் கெவின் கோவலும் ஆனா வெஸ்ட்டும். பள்ளிகள் அணி அணியாக வந்தன. மேடை சில வாரம்தான். அதற்கு முன்னே மாதக்கணக்கில் பள்ளி விட்ட பிறகு எழுதுவது, படிப்பது, அடிப்பது, மறுபடி எழுதுவது. தனிக் கவிதை போக, அணியாக நாலு பேர் சேர்ந்து சொல்லும் கவிதையும் இருந்தது. அதில் ஒருவர் காயத்தை மற்ற மூவரும் தாங்க வேண்டியிருந்தது; தனியாக அழுது ஜெயிக்க வழியில்லை. இன்னொன்றும் செய்தார்கள்: எதிரெதிர் அணிகளைக் கலந்து, முன்பின் தெரியாத பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதவைத்தார்கள். தெருவுக்குத் தெரு நிறத்தால் பிரிந்து கிடக்கும் நகரத்தில் அது லேசான காரியமல்ல.

பட்டறை நடத்துபவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியைக் காட்டுவேன். 1965 ஆகஸ்டில் அங்கே மூண்ட கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். ‘ஆன் த வாட்டர்ஃப்ரண்ட்’ படத்துக்குத் திரைக்கதை எழுதிய பட் ஷூல்பெர்க் அங்கே போய், எழுத்துப் பட்டறை என்று அறிவிப்பு ஒட்டிவிட்டு உட்கார்ந்தார். பல வாரம் யாரும் வரவில்லை. அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்தார்கள். 1967இல் அவர்களுடைய எழுத்து தொகுப்பாக வெளிவந்தது. இசையோடு கவிதை சொல்லிய வாட்ஸ் ப்ராஃபெட்ஸ் குழுவினர் சந்தித்துக்கொண்டதும் அங்கேதான். 1973இல் அந்த இடம் தீக்கிரையானது. தீ வைத்தவன் உள்ளேயே வேலை பார்த்தவன், எஃப்.பி.ஐ.யின் கூலி உளவாளி என்று பிறகு வெளியானது. நாலு பேர் கூடிக் கவிதை எழுதும் அறை அரசாங்கத்துக்கு அவ்வளவு பொருட்டாக இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் தேசிய ஸ்லாமை நடத்திய அமைப்பு 2018இல் கலைந்துவிட்டது. ஊர் ஊராக நடக்கும் சின்ன ஸ்லாம்கள் அதற்காக நிற்கவில்லை. தலைமை இல்லாமலும் நடக்கும் வேலை இது. ஆனால் வாடகை இல்லாமல் நடக்காது.

ஆகவே இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். ப்ரூக்ஸ் 1968இல் இல்லினாய் மாநிலத்தின் அரசவைக் கவிஞரானார். 2000இல் மறையும்வரை அந்தப் பதவியில் இருந்தார். பள்ளிப் பிள்ளைகளின் கவிதைக்குத் தம் கைப்பணத்திலிருந்து பரிசு கொடுத்தார். சிறைகளுக்கும் போய்க் கவிதை படித்தார். நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டாம். மாதம் இருமுறை, ஏதாவது ஒரு பள்ளி நூலகத்தில் ஒரு மேசை, பத்து நாற்காலி, டீச் செலவு, நடத்துபவருக்குப் பேருந்துக் கட்டணத்தோடு ஒரு சம்பளம். ஆண்டு முடிவில் இதே அரங்கில் அந்தப் பிள்ளைகள் மூன்று மூன்று நிமிடம் படிக்கட்டும். ஐந்து அட்டைகளை இந்த அவையில் ஐந்து பேரிடம் கொடுங்கள். புலவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். செலவுக்கு, சொற்பொழிவாளருக்குத் தரும் தொகையைத் திருப்பிவிடலாம். இன்றைக்கு எனக்கென்று வைத்திருக்கும் உறையிலிருந்தே தொடங்குங்கள். பொன்னாடையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், வீட்டில் கேட்பார்கள்.