கங்காணி கமிஷனும் கைபேசி கமிஷனும்

(மூணாறில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கேரள அரசுப் பணித் தேர்வுக்கு நம் பிள்ளைகளைத் தயார் செய்ய, தமிழிலேயே இணையவழி வகுப்பு நடத்தச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. பீர்மேட்டு லயத்துப் பிள்ளையும் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளையும் வீட்டிலிருந்தே பாடம் கேட்கலாம். ஆசிரியருக்கு ஊதியம் கொடுக்க வேண்டும். ஆகவே கட்டணம் உண்டு. ஆள் சேர்த்துத் தருகிறவருக்குக் கமிஷன் கொடுக்கலாமா என்பதே இப்போது எழுந்துள்ள கேள்வி.

கமிஷன் என்ற சொல் நமக்குப் புதிதா? நம் பாட்டன் பூட்டன்மாரை மலையேற்றிய கங்காணி யார்? முன்பணம் கொடுத்து அழைத்து வந்தார். வேலைக்கு நின்ற தலைகளை எண்ணித் தோட்டத்திடம் கமிஷன் வாங்கினார். ஆள் கூடக் கூட அவருக்கு லாபம். கடன் தீராத தொழிலாளிக்கோ நகர வழியில்லை. இலங்கைத் தோட்டங்களில் அந்தக் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதியே ஆட்களைக் கைமாற்றினார்கள். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது.

அதற்காகக் கமிஷன் எல்லாமே சுரண்டல் என்று நாங்கள் சொல்லவில்லை. ரயில்வேயில் ஹால்ட் நிலையங்களில் கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜெண்டுகள் உண்டு. விற்ற டிக்கெட்டுக்குத்தான் காசு. இன்னொரு ஏஜெண்டைச் சேர்த்துவிட்டதற்கு அல்ல. நியாயத்துக்கும் மோசடிக்கும் இடையே உள்ள கோடு இதுதான்.

‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்று கைபேசியில் வரும் சில வகுப்புகளில், பணம் கட்டிச் சேர்ந்தவனுக்கு இன்னும் நாலு பேரைச் சேர்ப்பதே பாடம். இத்தகைய சங்கிலியை 1978ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் தடைச் சட்டமும், 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகளும் தடை செய்கின்றன.

ஆகவே நாங்கள் முன்வைக்கும் ஏற்பாடு இது.

ஒன்று: கட்டணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும், எந்த நிர்வாகியின் சொந்தக் கைபேசி எண்ணுக்கும் போகக் கூடாது. முப்பது பேர் வரை கியூ.ஆர். அட்டை போதும், பெயரை நோட்டில் எழுதி ரசீது கொடுத்துவிடலாம். கூட்டம் பெருகினால் பேமெண்ட் கேட்வே நிறுவனத்தில் பதிவு செய்யலாம். பணம் விழுந்ததும் ரசீதும் வகுப்பு இணைப்பும் தானே போய்ச் சேரும்.

இரண்டு: கணக்கு. கட்டணம் 500 ரூபாய் என்று வைப்போம். கேட்வே நூற்றுக்கு 2 ரூபாயும், அந்த 2 ரூபாய்க்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் பிடித்தால் 11 ரூபாய் 80 காசு போகும். சேர்த்தவருக்குப் பத்து விழுக்காடு, 50 ரூபாய். மீதி 438 ரூபாய் 20 காசு. இதில்தான் ஆசிரியர் ஊதியம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் கட்டாயமாகும்.

மூன்று: கமிஷன் ஒரே படிதான். நேராகச் சேர்த்தவருக்கு மட்டும். அவருக்கு மேலே யாருக்கும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனிக் குறியீட்டு எண் கொடுத்தால் யார் சேர்த்தது என்ற சண்டை வராது. பிள்ளை விலகிக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு முடிந்த பிறகே கமிஷன். ‘எனக்கு 50 ரூபாய் கிடைக்கும்’ என்பதைச் சேர்க்கும்போதே அந்தத் தாயிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்து வாங்கினால் அது கங்காணிக் காசு!

நான்கு: கடன் சொல்லி எந்தப் பிள்ளையையும் சேர்க்கக் கூடாது. கட்ட முடியாத வீட்டுக்குச் சங்கமே இடம் கொடுக்கும்.

தாய்மார்கள் ஒன்றை மறக்க வேண்டாம். யு.பி.ஐ.யில் பணம் பெற ரகசிய எண் தேவையே இல்லை. ‘கமிஷன் அனுப்புகிறோம், எண்ணைப் போடுங்கள்’ என்று எவன் சொன்னாலும் திருடன் என்று கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

2015 செப்டம்பரில் போனஸ் குறைக்கப்பட்டபோது, இதே மூணாறு வீதியில் நம் பெண்கள் உட்கார்ந்து போராடினார்கள். கம்பெனியைக் கேட்டார்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் கேட்டார்கள். அந்தக் கேள்வி நம் சங்கத்துக்கும் பொருந்தும். மாதந்தோறும் வரவு, செலவு, கமிஷன் பெற்றோர் பெயர் ஆகியவற்றைப் பலகையில் ஒட்டுவோம். ஒட்டாத மாதம் எங்களை நிற்கவைத்துக் கேளுங்கள்!